நெடுந்தூரச் சவாரிக் குதிரைகளுக்குத் தசைப்பிடிப்பும் தசை இறுக்கமும் வராமல் காப்பது எப்படி?

நெடுந்தூரச் சவாரிக்குப் புறப்பட்ட குதிரை முதல் சில கிலோமீட்டருக்குள்ளேயே பின்னங்கால்களைக் குட்டையாக எடுத்துவைக்கத் தொடங்கி, புட்டத் தசைகள் கல்லாய் இறுக, வலியால் வியர்த்து வழிந்து, மேலும் ஓர் அடி வைக்க மறுத்து நின்றுவிடுவது சவாரியாளர்கள் மிகவும் அஞ்சும் காட்சி. சவாரி வட்டாரத்தில் இந்தத் தசை இறுக்கத்தை ‘டையிங் அப்’ (tying up) என்பார்கள். உழைப்பினால் நேரும் தசைச் சிதைவு என்பது இதற்கான மருத்துவ விளக்கம். அன்று காலையில் திடீரென்று வந்ததுபோலத் தோன்றினாலும், இதற்கான காரணங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் தீவனத் தொட்டியிலும் தண்ணீர் வாளியிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்திருக்கும். ஆகவே தடுப்பு வேலையும் சேணம் பூட்டும் நேரத்தில் அல்ல, அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

பிடிப்பும் இறுக்கமும் ஒன்றல்ல

மணிக்கணக்கில் வியர்த்து உப்புச்சத்தையும் நீரையும் இழந்த குதிரையின் தசைகள் துடிப்பதும், ஓரிடத்தில் சுருண்டு இறுகிச் சற்று நேரத்தில் தளர்வதும் தசைப்பிடிப்பு. இதில் தசைநார்கள் பெரும்பாலும் உடைவதில்லை. ஓய்வும் நீரும் உப்பும் கிடைத்தால் குதிரை தேறிவிடும். தசை இறுக்கம் அப்படிப்பட்டதன்று. அதில் தசைநார்களே உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்றான மயோகுளோபின் என்னும் நிறமிப் புரதம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும்போது சிறுநீர் காப்பி நிறமாகிறது. உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இந்தப் புரதம் சிறுநீரகத்தையே பாழாக்கக்கூடும் என்பதால், இது வெறும் தசை நோவாக நின்றுவிடுவதில்லை.

களத்தில் நின்றுகொண்டு இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. வயிற்று வலியும் குளம்பு அழற்சியும்கூட முதல் பார்வைக்கு இதே தோற்றம் தரும். எனவே, ஐயம் எழுந்தால் கடுமையானதையே கருதி நடந்துகொள்வது நல்லது. தசைப்பிடிப்பு என்று எண்ணிக் குதிரையை நடக்கவைத்துத் தளர்த்த முயல்வதுதான் நான் அறிந்தவற்றுள் மிகவும் விலை கொடுக்கவைக்கும் பிழை.

தசை இறுக்கம் இரண்டு வழிகளில் வரும். பழக்கத்தை மீறிய வேகம், ஆழ்மணல், தொடர் ஏற்றம், கடும் வெயில், அண்மையில் வந்துபோன வைரஸ் காய்ச்சல் போன்றவற்றால் எந்தக் குதிரைக்கும் அது எப்போதாவது ஒருமுறை வரலாம். பிறவியிலேயே தசையில் குறை உள்ள குதிரைக்கு அது திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவின் குவார்ட்டர் குதிரை இனத்திலும் பாரவண்டிக் குதிரை இனங்களிலும் தசையில் சர்க்கரைச் சேமிப்பு அளவுமீறிப்போகும் குறை ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008-இல் கண்டறியப்பட்டது. தரோபிரட் என்னும் பந்தயக் குதிரைகளிலும் சில அரபுக் குதிரைகளிலும் காணப்படும் மற்றொரு வகை, பரபரப்பான சுபாவமுள்ள இளம் பெண்குதிரைகளிடம் கூடுதலாகத் தென்படுகிறது. நெடுந்தூரச் சவாரியில் அரபு இனமே முன்னிற்பதால் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: தசைநாருக்குள் இருக்கும் நுண்ணிழைகள் ஒழுங்கு குலையும் ஒரு நோய் அரபுக் குதிரைகளில் உண்டு. இந்நோயுள்ள குதிரை நீண்ட ஓய்வுக்குப் பின் உழைக்கும்போது, வெளியில் பெரிய அறிகுறி இல்லாமலேயே, காப்பி நிறச் சிறுநீரைக் காட்டிவிடுவதுண்டு.

ஓய்வு நாளின் தீவனம்

ஏரிலும் வண்டியிலும் குதிரைகளைப் பூட்டிய காலத்தில் இந்நோயைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே அழைத்தார்கள். வாரம் முழுவதும் உழைத்த குதிரையை ஞாயிறன்று லாயத்தில் கட்டிவைத்து, உழைப்பு நாளுக்குரிய தானியத்தைக் குறைக்காமல் போட்டு, திங்களன்று வண்டியில் பூட்டியதும் அது இறுகி நின்றது. நோயின் உள்விளக்கம் அதற்குப் பின் பலவாறாக மாறிவிட்டாலும், அந்தப் பெயருக்குள் இருக்கும் எச்சரிக்கை இன்றும் செல்லும். போட்டிக்கு முன் குதிரைக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, ‘தெம்பு வரட்டும்’ என்று தானியத்தைக் கூட்டுகிற சவாரியாளர் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் திரும்ப உருவாக்குகிறார். உழைப்பு குறையும் நாளிலேயே, இயன்றால் அதற்கு முந்தைய வேளையிலேயே, தானியத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிட வேண்டும். புல்லைக் குறைக்கக் கூடாது. ஓய்வு என்பது லாயத்தில் அடைத்துவைப்பது அன்று. திறந்தவெளியில் அவிழ்த்துவிடுவதற்கு இடமில்லையென்றால், காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்தியாவது அதன் தசைகளை அசைவில் வைத்திருக்க வேண்டும்.

நெடுந்தூரக் குதிரையின் உணவுக்கு அடித்தளம் உலர்புல்லும் பசும்புல்லும்தான். உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு, அதாவது 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வரை, உலர்நிலைக் கணக்கில் நார்த்தீவனம் தேவைப்படும். நார்த்தீவனம் வெறும் வயிற்றை நிரப்புவதற்கானது அன்று. பெருங்குடலில் அது தண்ணீரையும் உப்புகளையும் பிடித்துவைக்கிறது. வழியில் குதிரைக்கு வறட்சி ஏற்படும்போது உடல் எடுத்துச் செலவிடும் சேமிப்பு அதுவே. ஆதலால் போட்டிக்கு முந்தைய இரவு குதிரையின் முன்னால் புல் ஒருபோதும் தீர்ந்துபோகக் கூடாது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு பெருமளவு தானியம் கொடுப்பதோ வேண்டாத வேலை. அது இன்சுலினை உயர்த்தி, கொழுப்பை எரித்து ஓட வேண்டிய உடலைச் சர்க்கரையின் பக்கம் தள்ளிவிடும்.

புல்லால் மட்டும் எடையைக் காக்க முடியாத குதிரைக்குத் தானியத்துக்குப் பதிலாகக் கொழுப்பிலிருந்தும் செரிக்கக்கூடிய நாரிலிருந்தும் ஆற்றலைத் தருவது தசைக்குப் பாதுகாப்பானது. தாவர எண்ணெய், அரிசித் தவிடு, ஊறவைத்த பீட் கிழங்குச் சக்கை ஆகியவை இதற்கு ஏற்றவை. எண்ணெயை ஐம்பது மில்லிலிட்டர் அளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். உடல் கொழுப்பை நன்கு எரிக்கப் பழகுவதற்கு மேலும் சில வாரங்கள் பிடிக்கும். போட்டி வாரத்தில் எண்ணெயைப் புதிதாகச் சேர்ப்பதால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். சர்க்கரைச் சேமிப்புக் குறையுள்ள குதிரைக்கு, மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து நூற்றுக்கு 12-க்கு மேற்படாத உலர்புல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தகைய புல் கிடைக்காதபோது தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். அரபுக் குதிரைகளின் நுண்ணிழை நோய்க்கு இந்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைவிட நல்ல புரதமும் தொடர்ச்சியான உழைப்புமே உதவும் என்பதால், எந்த வகை என்று அறியாமல் எல்லாக் குதிரைக்கும் ஒரே உணவுத் திட்டத்தைப் பொருத்துவது சரியாகாது.

வைட்டமின் ஈ பசும்புல்லில் நிறைய உண்டு. புல் காய்ந்ததும் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆகையால் உலர்புல்லையே நம்பியிருக்கும் குதிரைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 சர்வதேச அலகு (IU) வீதம், இயற்கை வகை வைட்டமின் ஈ-யை நாள்தோறும் கொடுக்கலாம். செலீனியம் என்னும் தாதுச்சத்து அப்படித் தாராளமாகக் கொடுக்கக்கூடியது அன்று. அது குறைந்தாலும் தசை கெடும். மிகுந்தாலோ உயிருக்கே ஆபத்து. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் புளோரிடாவில் 21 போலோ குதிரைகள் ஒரே சமயத்தில் இறந்தன. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துக் கலவையில் செலீனியம் அளவுமீறிச் சேர்ந்திருந்ததே காரணம். ஏற்கெனவே உண்ணும் தீவனத்திலும் தாதுக்கலவையிலும் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டிப் பார்க்காமல், இயன்றால் இரத்தப் பரிசோதனை செய்யாமல், செலீனியத்தைத் தனியாகக் கொடுக்கவே கூடாது.

வியர்வை, உப்பு, தாகம்

இந்தப் பகுதியில் சற்று நின்று பேச வேண்டும்; நெடுந்தூரச் சவாரியில் வரும் தசைப்பிடிப்புகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. வெப்பத்தில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கக்கூடும். மனித வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. குதிரையின் வியர்வையோ இரத்தத்துக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ கரிக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம் சோடியமும், 5 முதல் 6 கிராம் குளோரைடும், 1.5 கிராம் அளவுக்குப் பொட்டாசியமும், சிறிதளவு கால்சியமும் மக்னீசியமும் அதில் வெளியேறுகின்றன. மனிதனுக்கு வியர்க்கும்போது இரத்தம் உப்பேறித் தாகம் எடுக்கிறது. குதிரைக்கு நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் இரத்தத்தின் உப்புச்செறிவு அவ்வளவாக உயர்வதில்லை. உடல் வற்றிக்கொண்டிருக்கும், தாகமோ எடுக்காது. ‘தண்ணீர் காட்டினேன், குடிக்கவில்லை; அப்படியென்றால் தேவையில்லை போலும்’ என்ற முடிவு குதிரையின் விஷயத்தில் பிழையாவது இதனால்தான்.

இதற்கு விடை போட்டியன்று வாயில் பீய்ச்சும் எலக்ட்ரோலைட் என்னும் உப்புக் கலவையில் தொடங்குவதில்லை. நாள்தோறும் தீவனத்தில் 30 கிராம் சாதாரண உப்பும், வெயில் காலத்திலும் கடும் பயிற்சி நாள்களிலும் 60 கிராம் வரையிலும் சேர்த்து, பக்கத்தில் தண்ணீரை எப்போதும் நிறைத்து வைத்திருக்க வேண்டும். உப்புக்கட்டியைத் தொங்கவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். மாட்டின் நாக்கைப் போலச் சொரசொரப்பில்லாத நாக்கால் குதிரை தனக்குத் தேவையான அளவை நக்கியெடுப்பது அரிது. போட்டிக்கு முன்பே பல நாள் கூடுதலாக உப்பைத் திணித்துச் சேமித்துவைக்கவும் முடியாது. மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

வழியில் கொடுக்கும் கலவைக்கு, மூன்று பங்கு சாதாரண உப்புக்கு ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு என்ற அளவு வியர்வையின் சேர்மானத்துக்கு நெருக்கமாக வரும். சர்க்கரை மிகுந்து உப்புக் குறைந்த கடைப் பொடிகளைத் தவிர்க்க வேண்டும். சோடா உப்பு எனப்படும் பைகார்பனேட் சேர்ந்தவற்றைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். நெடுந்தூரம் மிதமான வேகத்தில் செல்லும் குதிரை வியர்வையில் குளோரைடை இழப்பதால் அதன் இரத்தம் காரத்தன்மையை நோக்கிச் செல்கிறது. காரத்தன்மை கூடக்கூட, தசைக்கும் நரம்புக்கும் பயன்படக்கூடிய நிலையில் உள்ள கால்சியம் குறைகிறது. அப்போது தசைகள் துடிக்கும். இதயத் துடிப்போடு சேர்ந்து விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளமும் வெட்டிவெட்டித் துடிக்கும் உதரவிதானத் துடிப்பும் வரக்கூடும். இந்த நிலையில் பைகார்பனேட் கொடுப்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது போலாகும்.

கலவையை ஒரே தடவையில் பெருமளவாகத் தராமல், குதிரை தண்ணீர் குடித்த பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறிது சிறிதாகத் தர வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வற்றிப்போன குதிரையின் வயிற்றுக்குள் செறிந்த உப்புப் பசையைச் செலுத்தினால், அது உடலில் எஞ்சியிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். அந்தக் குதிரைக்கு வேண்டியவர் மருத்துவர். குடிக்கத் தூண்டுவதற்கு ஒரு நல்ல வழி உண்டு: லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த நீரை முதலில் குடிக்கவைத்து, பிறகு நல்ல தண்ணீரை வைத்தால், வெறும் தண்ணீர் மட்டும் வைப்பதைவிடக் குதிரைகள் மொத்தத்தில் கூடுதலாகக் குடிக்கின்றன. ஆனால் இந்த உப்புநீரை வீட்டில் பயிற்சியின்போதே பழக்கியிருக்க வேண்டும். தண்ணீரில் குழைத்த தீவனம், நனைத்த புல் ஆகியவற்றையும் அவ்வாறே முன்கூட்டிப் பழக்க வேண்டும்.

பயிற்சியும் புறப்பாடும்

முதல் சில மாதங்களை வேகமில்லாத நீண்ட சவாரிகளுக்கே ஒதுக்க வேண்டும். பின்னர் தூரத்தையோ வேகத்தையோ ஏற்றத்தையோ ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டலாம். 40 கிலோமீட்டரை மெதுவாகக் கடந்து பழகிய குதிரையை 80 கிலோமீட்டர் போட்டியில் முன்னணிக் கூட்டத்தின் வேகத்துக்கு ஓட்டினால், அதன் இதயம் தாக்குப்பிடித்தாலும் தசைகள் தாக்குப்பிடிக்க மாட்டா. இருமல், சளி, காய்ச்சல் வந்த குதிரைக்கு, அறிகுறிகள் அடங்கிய பிறகும் மருத்துவர் சொல்லும் நாள்வரை கடும் உழைப்பு கூடாது. போட்டி இடத்துக்கு வண்டியில் நெடுந்தூரம் கொண்டுசெல்லும்போது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டி, குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே சென்றுசேர வேண்டும். வண்டியில் நிற்பதே குதிரைக்கு உழைப்பு. இறங்கிய மறுகணமே ஓய்வெடுத்த குதிரையாக அது மாறிவிடாது.

தசை இறுக்கம் பெரும்பாலும் தலைகாட்டுவது புறப்பட்ட முதல் அரைமணி நேரத்தில். அதிகாலைக் குளிர், கூட்டத்தின் ஆரவாரம், முந்திச் செல்லும் குதிரைகளைக் கண்டு துள்ளும் பரபரப்பு, கடிவாளத்தை இழுத்துப் பிடித்த சவாரியாளரோடு நிகழும் மல்லுக்கட்டு எல்லாம் ஒன்றுசேரும் நேரம் அது. ஆகவே புறப்பாட்டுக்கு முன் 15 முதல் 20 நிமிடம் நடையிலும் பிறகு மெல்லிய பெருநடையிலும் (டிராட்) தசைகளைச் சூடேற்ற வேண்டும். குளிராக இருந்தால் பின்புறத்தை மூடும் போர்வையோடே இதைச் செய்யலாம். பரபரப்புக் குதிரையை, கூட்டம் கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்து பத்து நிமிடம் தாமதமாகக் கிளப்புவது எனக்குத் தெரிந்த மிக மலிவான தடுப்பு முறை. இழந்த பத்து நிமிடத்தை அடுத்த சில மணி நேரத்தில் நிதானமான குதிரை தானே ஈட்டித்தரும்; இறுகிய குதிரை எதையும் ஈட்டித்தராது.

வழியில் கவனிக்க வேண்டியவை

நிறுத்தங்களில் தசை மறுபடியும் குளிர்ந்து இறுகும் வாய்ப்பு உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாளில் உடல் முழுவதும் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றி உடல்சூட்டைத் தணிப்பதுதான் முதல் வேலை. பின்புறத்தில் தண்ணீர் பட்டாலே தசை இறுகிவிடும் என்று அஞ்சி, கொதிக்கும் குதிரையை அப்படியே விட்டுவிடுவது பெருந்தீங்கு. குளிர்ந்த காற்றோ மழையோ உள்ள நாளில் இதற்கு மாறாக, கழுத்து, மார்பு, கால்கள் ஆகியவற்றை மட்டும் நனைத்து, புட்டத்தைப் போர்வையால் மூடிவைக்க வேண்டும். எந்த நாளானாலும் நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது சில நிமிட நடைக்குப் பிறகே வேகம் கூட்ட வேண்டும்.

பல போட்டிகளில் மருத்துவச் சோதனைக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைத் தொட்டுவிட்டதா என்பதைவிட, எவ்வளவு நேரத்தில் தொட்டது என்பதே நமக்குச் செய்தி சொல்லும். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் இறங்கும் துடிப்பு இன்று பன்னிரண்டு நிமிடமாகியும் இறங்கவில்லையென்றால், எங்கோ வலியோ வறட்சியோ இருக்கிறது. புட்டத்தையும் பின்தொடையையும் இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நலமாக உள்ள நாளில் உங்கள் குதிரையின் தசை எவ்வளவு நெகிழ்வாக இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தால்தான் மாற்றமும் தெரியும். அடியின் நீளம் குறைவது, இறக்கத்தில் தயங்குவது, வாலை இறுக்கிப் பிடிப்பது, சிறுநீர் கழிக்க நின்றும் கழிக்காமலிருப்பது, உணவை மறுப்பது ஆகியவற்றுள் எதையும் ‘கொஞ்ச தூரம் போனால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

இறுகிவிட்டால்

நின்ற இடத்திலேயே இறங்கிவிடுங்கள். நடக்கவைக்காதீர்கள், ஒவ்வோர் அடியும் இன்னும் சில தசைநார்களை உடைக்கும். வயிற்று வாரைத் தளர்த்தி, குளிரானால் போர்த்தி, வெயிலானால் நிழல் அமைத்து, தண்ணீர் காட்டி, மருத்துவரை அழையுங்கள். குதிரையை முகாமுக்கு நடத்திச் செல்லாமல் வண்டியை அது நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள். கையிலிருக்கும் வலிநிவாரணியை நீங்களே செலுத்துவது, குறிப்பாக பினைல்பியூட்டாசோன், ஃப்ளூனிக்ஸின் போன்றவற்றை வற்றிப்போன குதிரைக்குக் கொடுப்பது, ஏற்கெனவே அடிபடும் சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடியாகும். அமைதிப்படுத்தும் மருந்துகளுள் ஒன்றான அசிபுரோமசின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால் அதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சிறுநீர் கழித்தால் நிறத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்; நிறம் கறுத்திருந்தால் இரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றுவது பெரும்பாலும் தவிர்க்க முடியாததாகிவிடும்.

கிரியாட்டின் கைனேஸ் என்னும் தசை நொதி, சேதம் நேர்ந்த 4 முதல் 6 மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, புதுச் சேதம் இல்லையென்றால் சில நாள்களில் இறங்கிவிடும். ஏ.எஸ்.டி. என்னும் மற்றொரு நொதி ஏறத்தாழ ஒரு நாளில் உச்சமடைந்து இரண்டு மூன்று வாரம் வரை உயர்ந்தே நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சேதம் புதியதா, பழையதா, இன்னும் தொடர்கிறதா என்று மருத்துவர் கணித்துவிடுவார். வலி தணிந்ததும் தானியத்தை நிறுத்திப் புல்லோடு, சிறிய அடைப்பில் தானாக நடமாடவிட்டு, நொதிகள் இயல்புக்குத் திரும்பிய பிறகே கைப்பிடி நடையிலிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டும். இரண்டாவது முறையும் வந்துவிட்ட குதிரைக்கு, 15 நிமிடம் மிதமாக ஓடவிட்டு அதற்கு முன்னும் 4 முதல் 6 மணி நேரம் கழித்தும் இரத்தம் எடுத்து ஒப்பிடும் சோதனை, மயிர்வேரிலிருந்து மரபணுச் சோதனை, தேவைப்பட்டால் தசைத்துண்டுப் பரிசோதனை ஆகியவற்றை அடுத்த போட்டிக்குப் பெயர் பதியும் முன்பே செய்து முடித்துவிட வேண்டும். மருந்தால் தற்காலிகமாகக் காக்கும் டான்ட்ரோலீன் போன்ற வழிகள் உண்டு; ஆனால் நெடுந்தூரப் போட்டிகள் மருந்தில்லாக் குதிரைகளுக்கானவை என்பதால், மருந்தின் துணையில்லாமல் அந்தத் தூரத்தைத் தாங்காத குதிரையைக் குறுகிய தூரத்துக்கோ வேறு வேலைக்கோ மாற்றிவிடுவதும், மரபுக் குறை உறுதியானால் அதை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமல் விடுவதும் அதன் உடைமையாளர் செய்ய வேண்டியவை.